பாட்டு முதலில், பெயர் கடைசியில்

வாக்வா, மொரீசியஸ்
ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலந்தானே? நம்மூரில் ஆடிக்காற்று கிளம்பும் இந்த நேரம் இங்கே குளிர்காலம். கடற்கரையில் வெயில் அடித்தாலும் இந்த மேட்டு நிலத்தில் நாள் முழுக்கத் தூறல்தான். ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடுகிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் வாரைத் தட்டி ஏற்றுவதற்கே கால் மணி நேரம் வேண்டும்.

பிள்ளைகளைப் பாடவைக்கத் தெரிகிறது, கர்நாடக இசையை உட்கார்ந்து கேட்கவைக்கத்தான் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் நடக்கும் வகுப்பை வைத்தே பதில் எழுதுகிறேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது க்ரியோல், பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழைத் தனிப்பாடமாக எடுத்துப் படிக்கிறார்கள். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு, ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. ஆனாலும் முருகன் பாட்டைப் பலரும் ரோமன் எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுகிறார்கள். ஆகவே சாஹித்யம், அதாவது பாட்டின் வரிகள், தெலுங்கோ சமஸ்கிருதமோ தமிழோ, முதலில் அவர்கள் காதில் விழுவது வெறும் ஒலி. இதைக் குறையாக நினைக்காதே. அர்த்தம் தெரியாத பிள்ளை ஸ்வரத்தையும் தாளத்தையும் கூர்ந்து கேட்கும்.

முதலில் தெரிந்த மெட்டு ஒன்றைக் கொடு. இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த பிரெஞ்சுத் தாலாட்டு மெட்டு ஒன்று உண்டு. ஸ ஸ ப ப த த ப, ம ம க க ரி ரி ஸ. நம்மூரில் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடுவதும் இதுதான். முத்துஸ்வாமி தீக்ஷிதர் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்தபோது புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மாதிரி மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாஹித்யம் எழுதினார் அல்லவா? அந்த நோட்டுஸ்வரங்களில் 'ச்யாமளே மீனாக்ஷி' இதே மெட்டில் இருக்கிறது. போர்ட் லூயியில் மீனாட்சி சொக்கலிங்கர் கோயில் இருப்பதால் மீனாட்சி என்ற பெயரும் பிள்ளைகளுக்குப் பழக்கம்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை இது. என்ன பாட்டு, யார் எழுதியது என்று ஒன்றும் சொல்லாமல் சுருதியை, அதாவது ஆதார ஸ்வரத்தின் உயரத்தை, ஐந்தரைக் கட்டையில் வைத்து, சாஹித்யத்தை மட்டும் இரண்டு தடவை நிதானமாகப் பாடுவேன். பத்து வயதுக்குக் கீழே உள்ள குரலுக்கு ஐந்தோ ஐந்தரையோ வசதி. நம் வசதிக்காக நாலில் வைத்தால் கீழ் ஸ்வரங்கள் காற்றாகப் போய்விடும். முதல் தடவை பாடும்போது கூடம் அமைதியாக இருக்கும். இரண்டாவது தடவை 'த த ப' வரும் இடத்தில் பின்வரிசையில் யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து பக்கத்துப் பிள்ளையின் முழங்கையை இடிக்கும். அங்கிருந்து முணுமுணுப்பு கிளம்பி வரிசை வரிசையாக முன்னால் வரும். அடுத்த நிமிடம் பிரெஞ்சு வார்த்தைகளோடு கூடமே பாடும். அப்போது நிறுத்தாதே, பாடி முடிக்கட்டும்.

அதன்பிறகு மொஸார்ட். இதே மெட்டை வைத்து அவர் பியானோவுக்கு 12 மாற்றுருவங்கள் எழுதியிருக்கிறார், 1785இல் வியன்னாவில் அச்சானது. பன்னிரண்டையும் ஒரே நாளில் போடாதே, பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். மெட்டு, முதலாவது, இரண்டாவது, எட்டாவது, பன்னிரண்டாவது, இவை போதும். முதலாவதில் வலது கை ஓடும், இரண்டாவதில் இடது கை ஓடும். "ஓடுகிறவர் மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா?" என்று மட்டும் கேள். எட்டாவதில் 'க' என்னும் காந்தாரம் ஒரு படி தாழ்ந்த சாதாரண காந்தாரமாக இறங்கி மெட்டு முகம் வாடும். அந்த இடத்தில் கையைத் தூக்கச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைகூடத் தவறவிடாது. பன்னிரண்டாவதில் நடை மூன்று மூன்றாக மாறும்.

எதற்காக இத்தனை சுற்று என்று நினைப்பாய். சங்கதி என்றால், அதாவது ஒரே வரியைப் படிப்படியாக மாற்றிப் பாடுவது என்றால் என்ன என்பதை வாயால் விளக்க முடியாது, அக்கா. ஒரு மெட்டு அடையாளம் கெடாமல் எப்படி வளர்கிறது என்று ஒரு தடவை கேட்ட பிள்ளைக்கு தியாகராஜரின் 'சக்கனி ராஜ' பாட்டின் பல்லவியை, அதாவது தொடக்க வரியைப் போட்டால் தானாகப் பிடிபடும். இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. மொஸார்ட்டின் ஒவ்வொரு உருவமும் மெட்டு முழுவதையும் புதுச் சட்டைக்குள் நுழைக்கிறது. தியாகராஜரின் சங்கதி அதே வார்த்தையிலும் அதே தாள இடத்திலும் நின்றபடி, முன் சங்கதியின் தோள்மேல் ஏறி மேலே போகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லாதே. புளியங்கொட்டை கொடு.

ஆளுக்குப் பன்னிரண்டு கொட்டை. பல்லவி வரி புதிதாக மாறிவரும் ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தரையில் வைக்கவேண்டும், மாறாமல் திரும்ப வந்தால் வைக்கக்கூடாது. பாடுபவரைப் பொறுத்துச் சங்கதிகளின் எண்ணிக்கை மாறும். ஆகவே நீ போடப்போகும் ஒலிப்பதிவைக் கேட்டு, முன்கூட்டியே எண்ணி எழுதிவைத்துக்கொள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வைப்பதுதான் இதில் வழக்கமாக வரும் கோளாறு. சுவரைப் பார்த்து உட்காரவைத்தால் சரியாகிவிடும். எண்ணிக்கை தப்பினாலும் திருத்தவேண்டாம், இன்னொரு தடவை போடு. ஒரே பாட்டை மூன்று தடவை, தடவைக்கு ஒரே கேள்வி. "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதே. "நன்றாக இருந்தது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. எண்ணக்கூடியதை, காட்டக்கூடியதைக் கேள்.

நீளம் முக்கியம். ஏழு வயதுக்குக் கீழே என்றால் மூன்று நிமிடந்தான். இதற்கு அந்தக்கால 78 சுற்று இசைத்தட்டுகளின் பதிவைப் போல வேறொன்றும் இல்லை. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும் என்பதால் பெரிய வித்வான்கள் கிருதி என்னும் முழுப் பாட்டை அதற்குள் சுருக்கிக் கச்சிதமாகப் பாடியிருக்கிறார்கள். "ஸ்ஸ்" என்ற இரைச்சல் இருக்கும் என்று முன்பே சொல்லிவை, இல்லையென்றால் பிள்ளைகள் அதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். செல்போனில் நேராகப் போடாதே. தம்புராவும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதமும் அதில் காணாமல் போய்விடும். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மரப்பெஞ்சில், சுவர் மூலையை ஒட்டி வை, கீழ்நாதம் வரும். நீ சாதாரணமாகப் பேசினால் கேட்கும் அளவுக்குமேல் சத்தம் வேண்டாம்.

தாளத்தில் இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. இந்தத் தீவின் ஆட்டப்பாட்டு சேகா. அதற்கு வாசிக்கும் ரவான் ஆட்டுத்தோல் போர்த்திய அகலமான வட்டப் பறை. நம்மூரில் பறையைக் காய்ச்சுவதுபோல அதையும் தீயில் காட்டி முறுக்கேற்றுகிறார்கள். கூடவே குலுக்கி வாசிக்கும் மரவானும் முக்கோணக் கம்பியும். நடை முழுக்கத் தகிட தகிட. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தொட்டிலிலிருந்தே இதைக் கேட்டு வளர்வதால், நம்மூர்ப் பிள்ளைக்கு நாலைந்து வருஷம் கழித்து வரும், மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை இவர்களுக்கு உடம்பிலேயே இருக்கிறது. தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் திஸ்ரத்துக்குத் திரும்பியதும் தோள்கள் ஆடும். ஆனால் நாலு நாலாகப் போகும் சதுஸ்ரத்தில் நாலாவது எழுத்தை விழுங்கிவிட்டு முன்னால் ஓடுகிறார்கள். அதனால் ஆதி தாளத்தைத் திஸ்ரத்திலேயே தொடங்குகிறேன். எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் தகிட. இரண்டு வாரம் அது நின்றபிறகு தகதிமி. உன் பிள்ளைகளுக்கு எந்த நடை உடம்பில் இருக்கிறதென்று முதலில் பார்த்துக்கொள். கும்மியோ காவடிச்சிந்தோ எதில் கால் தானாகப் போகிறதோ, அங்கிருந்து தொடங்கு.

தாளத்தின் லகுவில், அதாவது ஒரு தட்டுக்குப்பின் விரல் எண்ணும் பகுதியில், ஆள்காட்டி விரலிலிருந்து தொடங்குவார்கள், பள்ளியில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். சுண்டுவிரலிலிருந்துதான் எண்ணவேண்டும், அதில் மையால் ஒரு பொட்டு வைத்துவிடு, போதும். சேர்ந்து ஓங்கித் தட்டினால் பாட்டே கேட்காது, தொடையில் இரண்டு விரலால் தட்டட்டும். சங்கதி அடர்த்தியாகும் இடத்தில் கையும் வேகமெடுக்கும். பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்து ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் தட்டச்சொன்னால் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும். முதல் ஆறு மாதம் சம எடுப்பில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே பாட்டு தொடங்குமாறு உள்ளவற்றையே எடுத்துக்கொள். எடுப்பு தள்ளியிருக்கும் கிருதியில் பிள்ளை முதல் வார்த்தையில் தட்டிவிடும். தப்பு அதனுடையதல்ல, நாம் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு.

ஏழு எண்ணிக்கைக்கு ச்யாமா சாஸ்திரிகளிடம் போ. மிச்ர சாபு தாளத்தைத் தகிட தகதிமி என்று நடக்கவிடு. நன்றாக நின்றதும் தகதிமி தகிட என்று திருப்பு. அந்த விலோம சாபு அவருக்கு மிகவும் உகந்தது. கால் தடுமாறும் அந்த ஒரு நொடியில் பிள்ளைகள் சிரிப்பார்கள் பார், அவரை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

பெயரைக் கடைசியில் சொல் என்று திரும்பத்திரும்ப எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தியாகராஜர் வழிபட்ட விக்கிரகத்தை அண்ணன் திருவையாற்றுக் காவிரியில் எறிந்த கதையை முதலில் சொன்னால் பிள்ளை கதையைப் பிடித்துக்கொள்ளும், பாட்டு பின்னணி ஆகிவிடும். பாட்டு காதில் ஊறியபிறகு பெயரை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதற்குத்தான் முத்திரை, அதாவது பாட்டை எழுதியவர் உள்ளே வைக்கும் தன் அடையாளச்சொல், இருக்கிறது. பாட்டின் கடைசிப் பகுதியான சரணத்தில் தியாகராஜரின் 'த்யாகராஜ' என்றோ தீக்ஷிதரின் 'குருகுஹ' என்றோ சாஸ்திரிகளின் 'ச்யாமக்ருஷ்ண' என்றோ வரும், கேட்டதும் எழுந்து நில் என்று சொல்வேன். மொழி தெரியாத பிள்ளையும் நாலாவது வாரத்தில் 'குருகுஹ' வருமிடத்தில் சட்டென்று எழுந்துவிடும். தீக்ஷிதர் பல கிருதிகளில் ராகத்தின் பெயரையும் சாஹித்யத்துக்குள் ஒளித்துவைத்திருப்பதை அதற்கடுத்த வருஷம் தேடவிடலாம்.

பெயர் தெரிந்ததும் வரும் கேள்வி, "அவர் எப்போது இருந்தார்?" என்பது. சுவரில் நீளமாக ஒரு கயிறு கட்டி வருஷங்களைத் துணி கிளிப்பில் மாட்டிவைத்திருக்கிறேன். தியாகராஜர் பிறந்தது 1767, பேத்தோவன் பிறந்தது 1770. ச்யாமா சாஸ்திரிகளும் பேத்தோவனும் மறைந்தது ஒரே 1827. பள்ளியில் பியானோ படிக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று பார்ப்பார்கள். அதே கயிற்றில் 1834 நவம்பர் 2 என்று ஒரு சீட்டு தொங்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களோடு கப்பல் போர்ட் லூயிக்கு வந்து சேர்ந்த நாள், இந்த ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வந்ததற்கும் ஒரு சீட்டு உண்டு. அந்த நவம்பரில் தியாகராஜர் திருவையாற்றில் இருக்கிறார், தீக்ஷிதரும் உயிரோடு இருக்கிறார், அவர் மறைந்தது 1835இல். கயிற்றைப் பார்த்து இதைப் பிள்ளைகளே சொல்லும்போது அந்தப் பெரியவர்கள் அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா காலத்து மனிதர்களாகிவிடுகிறார்கள்.

வார்த்தையில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனைக்குக் காகிதமும் மெழுகுக் கட்டியும் கொடுத்துக் கோடு போடவிடு. ஸ்வரம் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும், நின்றால் நேராகப் போகும். இருபது வினாடியில் காகிதம் வலது ஓரத்தில் முடிந்துவிடும். உடனே கீழே அடுத்த வரியில் தொடரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மயிலும் வேலும் வரைகிற பிள்ளையைத் தடுக்காதே, ஆனால் அது காதால் வரைந்ததல்ல என்று உனக்குள் குறித்துக்கொள்.

இரண்டு எச்சரிக்கை. நோட்டுஸ்வரத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, கிடையாது. நாலு வாரத்துக்குமேல் அதிலேயே இருந்தால் கீபோர்டைப்போல ஸ்வரங்களை வெட்டிவெட்டிப் பாடும் வழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வாரமே அந்த மெட்டின் ராகமான சங்கராபரணத்தின் காந்தாரத்தை அசைத்துக் காட்டி, எது அசைந்தது எது நின்றது என்று கேட்கத் தொடங்கிவிடு. மற்றொன்று இங்கே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும். பிரெஞ்சின் 'ர' தொண்டையில் பிறப்பதால் 'ராமா' என்றதும் குரல் உள்ளே போய்விடுகிறது. திருப்புகழ்ச் சந்தத்தை, தத்தத்தன தத்தத் தனதன என்று வார்த்தையே இல்லாமல் சொல்லவைத்தால் நாக்கு முன்னால் வருகிறது. அதன்பின் வார்த்தை போட்டால் 'ர'வும் சரியாக விழும்.

தமிழ்ப் பாட்டுக்கு முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் பாபநாசம் சிவனும் இருக்கிறார்கள். பள்ளியில் படித்த ஒரு தமிழ்ச் சொல் பாட்டில் தட்டுப்பட்டதும் பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்க்கவேண்டும், அக்கா.

உன்னிடம் ஓர் உதவி. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் புறப்பாட்டு இசையான மல்லாரி வாசிக்கும்போது நாலு நிமிடம் பதிவுசெய்து அனுப்பு. சாஹித்யமே இல்லாத அந்தக் கம்பீரநாட்டை ராகத்தைத் தவிலோடு இந்தப் பிள்ளைகள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். போனைத் தவிலுக்கு நேரே நீட்டாதே, ஒலி உடைந்துவிடும். நாதஸ்வரத்தின் விரிந்த முனையான அணைசுக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நில். கூட்டம் தள்ளினால் கோபுரவாசல் திண்ணையில் ஏறிக்கொள். இங்கே கடிகாரம் நம்மூருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். நீ ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினாலும் விழித்துத்தான் இருப்பேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் தங்கை