சாரல் தொடங்கிவிட்டது, ஐயா

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஜூன் பிறந்ததும் ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் இறங்கிவிட்டது. வகுப்பு முழுக்க ஈரச் சீருடை வாடை. நீ படிக்கும்போது ஓடு ஒழுகியது, இப்போது கான்கிரீட் ஒழுகுகிறது. எட்டு வகுப்புக்கும் சேர்த்து நாங்கள் நாலு டீச்சர்தான். மே மாதம் வெயிலில் வீடு வீடாக அலைந்து பள்ளியில் சேர்க்கப் பிள்ளை கேட்டோம், வேன் வைத்திருக்கும் பள்ளிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஆண்டு விழாவுக்காகப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். பாதி கரையானுக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தத் தமிழ்ப் பக்கம் சேருவதற்கு முந்திய பக்கமெல்லாம் மலையாள எழுத்து. புளியரை செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சேட்டனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். உன் தாத்தா பெயர் இருக்கிறது! மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1108, மேடம் மாசம் என்றார். மேடம் என்றால் நம் சித்திரை. கணக்குப் பார்த்தால் 1933. ஐந்தாவது பாஸ் என்று சாகும்வரை சொன்னாரே, நாலாவதிலேயே நின்றிருக்கிறார். நம் வீட்டு ஆம்பிளைகளுக்கு இந்த மறைப்பு எங்கிருந்துதான் வருமோ.

உனக்குத் தெரியாத ஒன்று. 2023 ஆகஸ்டிலிருந்து இங்கே காலை உணவும் உண்டு. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஏப்ரல் வரை தட்டோடு உட்கார்ந்த ஒரு பயல் இந்த ஜூனில் ஆறாவது வந்துவிட்டான். மதியம்தான் அவனுக்குச் சோறும் முட்டையும். காலையில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கேட்டால், "வீட்டுல சாப்ட்டுட்டேன் டீச்சர்." கண் மட்டும் கிச்சடிச் சட்டியில் இருக்கும். சமையல் அக்காவுக்குக் கண் காட்டிவிட்டு நான் அந்தப் பக்கம் போய்விடுவேன். நான் நின்றால் வாங்க மாட்டான்.

நீயும் போனில் சாப்பிட்டேன் என்றுதான் சொல்கிறாய்.

எட்டாவது பிள்ளைகளிடம் உன்னைப் பற்றிப் பேசாத வருஷம் இல்லை. நம் பள்ளியில் என்எம்எம்எஸ் உதவித்தொகைப் பரீட்சையில் முதலில் தேறியவன் நீதானே. அப்போது மாசம் 500 ரூபாய், இப்போது 1000. அந்த அண்ணன் எங்கே வேலை பார்க்கிறார் டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். கம்பெனி பெயரைச் சொன்னேன். சரிதானே?

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். நீ ஆபீஸ் போயிருப்பதாக மருமகள் சொன்னாள். பாவம், அவளைக் குற்றம் சொல்லவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். முப்பது வருஷமாகக் கேட்ட இருமல். நான் ஒன்றும் கேட்கவில்லை, வைத்துவிட்டேன். கேட்கத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

நீ ஏழாவது படிக்கும்போது கணக்குப் பாடத்தில் உனக்குக் காய்ச்சல் வந்ததே. பெஞ்சிலேயே வாந்தி எடுத்துவிட்டு "அம்மா" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். "இங்க அம்மா கிடையாது, டீச்சர்னு சொல்லு" என்றேன். மகனுக்குச் சலுகை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிவிடுவார்களே என்று பயம். நீ வாயைத் துடைத்துக்கொண்டு "டீச்சர்" என்றாய், அப்புறம் நீயே போய் மண் அள்ளி வந்து போட்டாய். மணி அடிக்கும்வரை நான் பாடம் நடத்தினேன். பின்னம் கழித்தல். அது ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரி உன் நெற்றியில் கை வைத்தபோது, நீ தூங்குகிற மாதிரி கிடந்தாய். அதற்கப்புறம் உடம்புக்கு முடியவில்லை என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. நானும் அதைப் பொறுப்பு என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதிவிட்டேனா? பரவாயில்லை.

முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், புதன்கிழமை வரும். பகலில்தான் கொண்டுவருவான். நீயே வாங்கிக்கொள்.

அம்மா