ஏரிக்கரையிலேர்ந்து அம்மாவுக்கு

அம்மா,

நீ சொல்ல சொல்ல மலரு எழுதுன லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சி, பதில் போடலன்னு திட்டிகினு இருப்ப, வேலை ஜாஸ்தி அதான், வேற ஒண்ணும் இல்ல. குளிரு போயிடுச்சி, ராத்திரி பதினோரு மணிக்கும் வெளிச்சம், தூக்கமே வரமாட்டேங்குது.

தெனம் மத்தியானம் பக்கத்து வீட்டு தாத்தாகூட காட்டுக்குள்ள ஒரு ஏரிக்கு போறேன். ஒரு வருஷத்துல அந்தாளு என்கிட்ட பேசுனது பத்து வார்த்தை இருக்கும், ஒரு நாள் கதவ தட்டி தூண்டில் கொம்ப நீட்டினாரு, அவ்ளோதான். பின்லாந்துல சுமார் 1,88,000 ஏரியாம், இது அதுல ஒண்ணு, ஆனா நம்ம காவேரிப்பாக்கம் ஏரிய பாத்தவனுக்கு இது குட்டைதான், துடுப்ப வுட்டா சேறு தட்டுது. தண்ணி டீ டிகாஷன் கலரு. புழு குத்தி தக்கை போட்டு புடிச்சா லைசென்சும் வேணாம் காசும் வேணாம், நம்மூரு மாதிரி ஏலம் எடுத்தவன் தொரத்தமாட்டான்.

மாட்டுறது ரூடனான்னு ஒரு மீனு, நம்ம கெண்டை ஜாதிதான், தட்டையா பித்தள கலர்ல இருக்கும். குளிர்காலத்துல மேல ஐஸ் மூடி தண்ணில காத்து இல்லாம மத்த மீனுங்க செத்தாலும் இது மட்டும் உடம்புக்குள்ளயே சாராயம் காய்ச்சிகினு மாசக்கணக்கா உசுரோட கெடக்குமாம். சின்ன மாமா ஞாபகம்தான் வந்துச்சி, அவருகிட்ட சொல்லிடாத.

முந்தாநேத்து அஞ்சு மாட்டுச்சி. ஒரே சேத்து வாடை, நீ செய்யிற மாதிரி அரிசி கழுவுன தண்ணில ஊறப்போட்டு உப்பு மஞ்சா தேச்சி கொழம்பு வச்சேன். தாத்தா மூக்குல தண்ணி ஊத்த ஊத்த தின்னாரு, மறுநாள் கிண்ணத்த கழுவி திருப்பிக் குடுத்தாரு, உள்ள ரெண்டு உருளைக்கிழங்கு. நான் பழங்கொழம்ப சோத்துல ஊத்திகினு உக்காந்தேன், மீனு பூரா பொடி முள்ளு, எடுத்துப் போட நீ இல்லியேன்னு நெனச்சேன், முப்பத்திநாலு வயசுல. அப்டியே மூடி வச்சிட்டேன்.

சரி அத வுடு. நம்ம ஏரி வத்திடுச்சா, மீன் புடிக்க ஊரு எறங்குச்சா? கெணத்து பங்குக்கு பெரியப்பா கையெழுத்து கேட்டா போட்டுடாத, தம்பிய தாலுகா ஆபீசுக்கு அனுப்பி பட்டா நகல் வாங்கி வை. மலரு சீமந்தத்துக்கு பணம் பத்து தேதிக்கு மேல வரும், இங்க பேங்க்ல ஏதோ லேட்டு. அடகு வளையலுக்கு இந்த மாசம் வட்டி மட்டும் கட்டு. பெரியப்பா நான் எப்ப வர்றேன்னு கேட்டா தீபாவளிக்குன்னு சொல்லி வை.

உன் பெரியவன்