டெங்கு காய்ச்சலில் வயிறு வலித்தால் கேஸ் மாத்திரை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் எங்கள் நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் டெங்கு பயமும் வந்துவிடும், வந்தால் எல்லோரும் ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம், வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே கடுமையான வயிற்று வலியையும் ஓயாத வாந்தியையும் டெங்குவின் அபாய அறிகுறிகளில் சேர்த்துவிட்டது. இங்கே தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் நடப்பதோ, நாலு நாளாகச் சாப்பிடாத வயிறு, வாயு பிடித்திருக்கும் என்று ஓமத் தண்ணீரைக் கொடுத்துப் படுக்க வைப்பது. காய்ச்சலும் இறங்கிவிட்டால் சரி, தேறியாச்சு என்று மறுநாள் கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும், பித்தப்பையின் சுவர் வீங்கும், கல்லீரல் பாதிக்கும், அரிதாகச் சிலருக்குக் கணையமும் வீங்கும். கசிவு அதிகமானால் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும்.

என் நாத்தனாருக்குப் போன வருடம் வலது விலாவுக்குக் கீழே கைவைக்க விடாத வலி. ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கோளாறு என்று ஆபரேஷனுக்கே ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஸ்கேனில் கல் எதுவும் இல்லை, சுவர்தான் தடித்திருந்தது. அப்புறம்தான் ஒருவர் டெங்கு பரிசோதனைக்கு எழுதினார். பிளேட்லெட் குறைந்த உடம்பில் கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு, இந்த வீக்கமோ டிரிப்ஸ் ஏற்றிக் கவனித்துவந்தால் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். அவளுக்கும் வடிந்தது. வலிக்கிறதே என்று கடையில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

ஊட்டியில் 2025-ல் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தது பெரிய விஷயம், ஆனால் கூடலூரிலிருந்தே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை, மண் சரிந்தால் அதுவும் இல்லை. அதனால் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டும் பி.சி.வி. அளவையும் பிளேட்லெட்டோடு தினமும் பார்க்க வேண்டும், வயிறு வலி என்று சொன்னால் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். எஸ்டேட் நிர்வாகங்களும் காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாளாவது சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும், கூலி போய்விடுமே என்றுதான் பெண்கள் வலியைச் சொல்லாமல் வேலைக்குப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கூடலூர், நீலகிரி