கார் மீது மோதியதாம் சைக்கிள்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நாளிதழில் ‘கார் மீது சைக்கிள் மோதி முதியவர் காயம்’ என்று தலைப்பு. மூன்றாவது வரியில் ‘பின்னால் வந்த கார்’ என்றும் இருக்கிறது. பின்னால் வந்த காரில் போய் மோத, பெரியவர் பெடலைத் தலைகீழாக மிதித்தாரோ என்னவோ!

சென்ற ஆண்டு, இடது ஓரமாகப் போன என்னை ஒரு வேன் தட்டிவிட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஓட்டுநரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு. அவரோ செல்போனில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். நானே ஆட்டோ பிடித்துப் போனேன்.

கையில் கட்டோடு காவல் நிலையம் போனால் முதல் கேள்வி, “ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?” அடுத்து, “லைசென்ஸ் இருக்கா?” சைக்கிளுக்கு லைசென்ஸாம்! சைக்கிளுக்கு இன்சூரன்சும் தேவையில்லை. இடித்த வேனுக்குத்தான் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. “இந்த வயசுல கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு சார்? சமாதானமா போயிடுங்க” என்று, புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதுதான் வழக்குப் பதிந்ததற்கான எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்று நம்பி இரண்டு மாதம் பீரோவில் பூட்டி வைத்திருந்த மேதை நான்.

உங்களுக்குத் தெரியாததல்ல. வாரண்டு இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது அப்படிப்பட்ட குற்றம்தான். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பி.என்.எஸ்.எஸ். என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதெல்லாம் ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ராசிபலனுக்கு அரைப்பக்கம் ஒதுக்கும் தங்கள் நாளிதழில் படித்ததாக நினைவில்லை. சைக்கிள் பாதையில் கார்களை நிறுத்துவது பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இடமில்லாமல் போனது. போகட்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விபத்துச் செய்தியில் எஃப்.ஐ.ஆர். பதிவானதா என்று விசாரித்து ஒரு வரி சேருங்கள். அந்தப் பெரியவர் வீட்டிலும் இந்நேரம் ஒரு ரசீது பீரோவுக்குள் போயிருக்கும்.

இப்படிக்கு,
சைக்கிளில் போய்த் தங்கள் நாளிதழை வாங்கிவரும் வாசகன்