ஐற்றிஸ் என்றால் வீக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மருத்துவப் பகுதியில், நோய்ப் பெயர்களின் கடைசியில் வரும் 'ஐற்றிஸ்' கிரேக்கத்தில் வீக்கத்தைக் குறிக்கும் சொல் என்று எழுதியிருந்தீர்கள். என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே 'ஓஸ்ரியோ ஆர்த்திரைற்றிஸ்' (மூட்டுத் தேய்வு) என்று கிடப்பதால் கொஞ்சம் உரிமையோடு மறுக்கிறேன்.

கிரேக்கத்தில் ஆர்த்ரோன் என்றால் மூட்டு. அதோடு சேரும் ஐற்றிஸ் வெறும் விகுதி. 'அதற்குரிய' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நோயைக் குறிக்கும் 'நோசோஸ்' அவர்களுக்குப் பெண்பாற் சொல், அதனால் அதற்கு அடையாக வந்த சொல்லும் பெண்பாலில் நின்றது: மூட்டுக்குரிய நோய். பிறகு நோசோஸ் உதிர்ந்துபோக, அடை மட்டும் தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் 'கறுத்தக்கொழும்பான் என்ன விலை?' என்றுதானே கேட்கிறோம், மாம்பழம் என்ற சொல்லை யார் வாயில் எடுக்கிறோம்? அதற்காக 'ஆன்' விகுதிக்கு மாம்பழம் என்று பொருள் சொல்வோமா?

அழற்சி என்ற பொருளை அந்த விகுதியில் ஏற்றியவர்கள் பிற்கால ஐரோப்பிய வைத்தியர்கள். (அழற்சியும் வீக்கமும் ஒன்றல்ல. சிவப்பு, சூடு, நோவு போல வீக்கமும் அதன் ஒரு குறி.) அதன்பின் கண்ட சொல்லிலெல்லாம் ஒட்டினார்கள். தொண்டைச் சதை அழற்சியான ரொன்சிலைற்றிஸில் முன்பாதி லத்தீன். அப்பென்டிசைற்றிஸும் அப்படித்தான், தொங்குவது என்ற லத்தீன் சொல்லுக்குக் கிரேக்க விகுதி. குடல்வாலுக்கு இன்னொரு வால்! பொஸ்ரனில் ரெஜினால்ட் ஃபிற்ஸ் என்ற வைத்தியர் 1886இல் வைத்த பெயர் அது. 1888இல் முழுமையான ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியின் முதல் தொகுதியில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. 1902இல் ஏழாம் எட்வேட் மன்னருக்கே அந்த நோவு வந்து, முடிசூட்டு விழா ஜூனிலிருந்து ஓகஸ்ட்டுக்குத் தள்ளிப்போன பிறகுதான் அகராதிக்காரருக்குச் சங்கடம்.

எங்கள் மானிப்பாயில் 1864 தொடக்கம் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த வைத்தியர் கிறீனும் ஃபிற்ஸின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தவர்தான். ஆனால் 1884இலேயே காலமாகிவிட்டார். அந்தச் சொல்லை அவர் கேட்டிருந்தால் என்ன தமிழ் கொடுத்திருப்பார் என்று யோசிப்பதுண்டு.

இவ்வளவும் எழுதக் காரணம், செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் பக்கத்து வாங்கிலில் இருந்த ஐயா உங்கள் பத்திரிகையை விரித்துக் காட்டி, "வீக்கம் இல்லையெண்டால் உது ஆர்த்திரைற்றிஸ் இல்லைப் பிள்ளை, குளிசையை நிப்பாட்டும்" என்று என் முழங்காலைப் பார்த்துச் சொன்னதுதான். நான் நிப்பாட்டவில்லை. அவர் தன்னுடையதை நிப்பாட்டிவிட்டாராம். அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மானிப்பாய்