பழைய மாணவர்கள் வைத்த மொய்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் அரசுப் பள்ளியில் 1989-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சென்ற மாதம் கூடினோம். குரூப் போட்டோ, பிரியாணி என்று கலைந்துவிடாமல், மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட நிதி திரட்டும் மாலையாக அதை மாற்றினோம். டேப் ரெக்கார்டரில் பழைய பாட்டு. நாடா சிக்கியதும், கேசட்டில் பென்சிலைச் செருகிப் பொறுமையாகச் சுற்றினாள் ஒரு தோழி. வாசலில் தேன்மிட்டாய், கமர்கட், இலந்தவடை. அன்று ஐந்து காசுக்கு வாங்கிய கமர்கட்டை ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கினோம். பலருக்குக் கண் கலங்கியது.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துபோல நோட்டுப் போட்டு எழுதினோம். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது அங்கே வழக்கம். கட்டணமில்லாமல் படித்த எங்களுக்கும் அந்தக் கடன் உண்டு.

இப்படிக் கூடும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொன்னாடை, பிளெக்ஸ் செலவு வேண்டாம். வரவு செலவை அப்படியே பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நேரில் வர முடியாதவர்கள் அரசுப் பள்ளிகளுக்கு உதவ, 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது.

- முன்னாள் மாணவர் ஒருவர், பட்டுக்கோட்டை