புத்தகம் கொடுத்த கைகளுக்கு

அன்புள்ள சபையாருக்கும், உடன் ஊழியர்களுக்கும், எல்லா நண்பர்களுக்கும், கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

நான் சேகர ஊழியத்திலிருந்து, அதாவது பல சபைகள் சேர்ந்த பகுதியின் போதகர் பணியிலிருந்து, ஓய்வு பெற்றபோது நீங்கள் நடத்திய வழியனுப்பு ஆராதனையில் என்னைப் பற்றிப் பலரும் நல்ல வார்த்தை சொன்னீர்கள். "ஐயரவர்கள் நிறைய வாசிக்கிறவர்" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினீர்கள். போதகரை நம் பக்கம் ஐயர் என்றுதானே சொல்வோம். பதில் பேசக் கிடைத்த நேரத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நானாகத் தேடிப்போய் வாங்கிய புத்தகங்கள் சொற்பம். என்னை உருவாக்கிய புத்தகம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையிலிருந்து வந்தது. கொடுத்தவர்களும் புத்தகத்தோடு கூடவே என் வாழ்க்கைக்குள் வந்துவிட்டார்கள். பெயர் போட்டால் அவர்களில் பாதிப்பேர் கூச்சப்படுவார்கள். அதனால் பெயர் போடவில்லை. வாசிக்கும்போது யார் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் போதகருக்குத் துணையாக ஊழியம் செய்த உபதேசியார். தேரி மணலோரத்தில் பனங்காட்டுக்கு நடுவே இருந்த எங்கள் ஊரில் நூலகம் கிடையாது. கோயிலை ஒட்டிய அவர் வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பூச்சி வராமலிருக்க வேப்பிலை போட்டு, காலண்டர் தாளில் அட்டை போட்டு, அதில் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார். "கை கழுவிட்டுத் தொடுலே" என்பார். கழுவிய கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் பெட்டி திறக்கும். அப்படி வந்ததுதான் 'மோட்சப் பிரயாணம்'. ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கதையின் தமிழ்.

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பதநீர் காய்ச்சும் அடுப்பு வெளிச்சத்தில் நான் வாசிக்க, விறகைத் தள்ளிக்கொண்டே கேட்பார். கதைநாயகன் கிறிஸ்தியான் முதுகில் ஒரு பாவமூட்டை இருக்கும். ஒவ்வொரு நாளும் நான் புத்தகத்தை எடுத்ததும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "அந்தப் பிள்ளைக்கு மூட்டை இறங்கிச்சாய்யா?" சிலுவையடியில் அந்த மூட்டை கழன்று உருண்டுபோகும் இடத்தை வாசித்த அன்று அம்மா விறகை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிற்காலத்தில் பிரசங்கம் எழுதி முடித்துப் பார்க்கும்போதெல்லாம், அம்மா கேட்டால் இது புரியுமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். உபதேசியார் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் இது நேரில் சொல்ல வேண்டிய நன்றி. இருவருமே இப்போது ஆண்டவரிடத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தவர் பாளையங்கோட்டையில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர். நெற்றி நிறையத் திருநீறு பூசும் சைவர். அதே பனியன் கதையை நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழ்க் காப்பியமாகப் பாடியிருக்கிறார் என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான். கிருஷ்ணபிள்ளை 1827இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் கம்பனை அவர் கைவிடவில்லை. 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' முழுக்கக் கம்பன் வாசம் அடிக்கும். எங்கள் சார் பள்ளி விட்டதும் என்னை உட்கார்த்தி வைத்து ஒரு பாட்டைக் கம்பனிலிருந்தும் ஒரு பாட்டை யாத்திரிகத்திலிருந்தும் ராகம் போட்டுப் பாடிக் காட்டுவார். "பாத்தியா தம்பி, ரெண்டு பேரும் ஒரே ஆத்துத் தண்ணி குடிச்சவங்க மாதிரி இல்ல?" என்று கேட்பார். என் குருப்பட்ட ஆராதனைக்கு வேட்டி துண்டோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பட்டம் பெற்று வெளியே வந்ததும் கையில் கம்பராமாயணம் அயோத்தியா காண்டத்தைக் கொடுத்தார். பிரசங்க பீடத்தில் நான் பேசிய தமிழ் நன்றாக இருந்ததாக நீங்கள் சொன்னால், அந்த வார்த்தை அவருக்கே போய்ச் சேர வேண்டும். சபைத் தலைவர்கள் தமிழ் இலக்கியம் வாசிக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கும் காரணம் அவர்தான்.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்த நாட்கள் அப்புறம் வந்தன. அறைத் தோழன் கடற்கரை ஊர்க்காரன். ஆதித் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீன் தன் வாழ்க்கையைச் சொல்லும் 'அறிக்கைகள்' நூலை இருவரும் சேர்ந்தே வாசித்தோம். கி.பி. 386இல் இத்தாலியின் மிலான் நகரத் தோட்டத்தில் அகஸ்தீன் மனமாறிய கதை எல்லோருக்கும் தெரியும். எடுத்து வாசி என்று ஒரு குழந்தைக் குரல் கேட்கிறது. அவர் பைபிளில் பவுல் எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, திறந்து, ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வாசிக்கிறார். நான் அத்தோடு நிறுத்தியிருப்பேன். "அடுத்த பத்தியையும் பாரு மாப்ள" என்று நிறுத்திக் காட்டியவன் என் தோழன். பக்கத்திலேயே இருந்த நண்பர் அலிப்பியு அந்தப் புத்தகத்தை வாங்கி அடுத்த வசனத்தை வாசிக்கிறார்: விசுவாசத்தில் பலவீனமானவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "இது எனக்கு" என்று சொல்லி அவரும் அப்போதே கிறிஸ்துவின் பக்கம் வருகிறார். இருவரும் பின்னாளில் பேராயர்களானார்கள். ஒரே ஏடு, அடுத்தடுத்த வசனம், இரண்டு நண்பர்கள். அந்த இரவு நாங்கள் விளக்கை அணைக்க வெகுநேரம் ஆனது. மாப்ள, இன்றைக்கும் பிரசங்கப் பகுதி சிக்கினால் நான் போன் போடுவது உனக்குத்தான். நன்றி.

வி. எஸ். அசரியாவை எனக்கு அறிமுகப்படுத்திய மூத்த போதகருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் உதவிகுருவாக அவரிடம் போய்ச் சேர்ந்த முதல் வாரமே அசரியாவின் வாழ்க்கை வரலாற்றைக் கையில் கொடுத்தார். 1874இல் வெள்ளாளன்விளையில் குருவானவர் வீட்டில் பிறந்தவர் அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்ச் சபையார் தாங்களாகவே மிஷனெரி வேலை செய்வதைக் கண்டார். அது அவர் மனதை உலுக்கியது. மறு வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில் பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. இதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூத்த போதகர் எனக்குப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்த பக்கம் வேறு. 1910, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாடு. மிஷனெரிகள் நிறைந்த சபையில் முப்பத்தைந்து வயதான இந்த நெல்லைக்காரர் எழுந்து நின்று, நீங்கள் செய்த தியாகத்தையெல்லாம் இந்தியச் சபை மறக்காது, ஆனால் எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. அவரோ கசப்பில் பேசவில்லை. அமெரிக்கரான ஷெர்வுட் எட்டியோடு ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்க வேலையில் ஊர் ஊராய்ச் சுற்றி, அப்படியொரு நட்பு முடியும் என்று கண்டிருந்ததால்தான் துணிந்து கேட்டார்.

மூத்த போதகர் அதைக் கோடு போட்டதோடு விடவில்லை. கோயில் சுத்தம் செய்கிற பெரியவரும் உதவிகுருவும் பேராயரும் யார் வந்தாலும் அவர் வீட்டில் ஒரே மேஜையில்தான் சாப்பாடு. அவர் மனைவி ஐயரம்மா கையால் பரிமாறிய அந்தச் சோறும் எனக்கு இறையியல் பாடமாக இருந்தது. அம்மா, உங்களுக்கும் நன்றி.

சேகரத்தில் தேர்தல் தகராறு முற்றி, ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதை விரித்துப் பேச மனமில்லை. அப்போது பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கின் ஃபாதர் திங்கள்கிழமைதோறும் பைக்கில் வருவார். "பாஸ்டர், டீ போடச் சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிடுவார். தகராறைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு நாள் போன்ஹோஃபர் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். 1943இல் கைதாகி, 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் அவர். அந்தக் கடிதங்களில் பெரும்பகுதி எபர்ஹார்ட் பெத்கே என்ற நண்பருக்கு எழுதியவை. பெத்கே அவற்றைப் பாதுகாத்து 1951இல் வெளியிட்டார். நண்பர் ஒருவர் இருந்ததால் எழுதப்பட்டு, அதே நண்பரால் நமக்குக் கிடைத்த புத்தகம். ஃபாதர், அதை எதற்காக என் மேஜையில் வைத்தீர்கள் என்று அப்போதே புரிந்தது. அந்த வருடம் நான் ஊழியத்தை விட்டு ஓடாமலிருந்ததற்கு உங்கள் திங்கள்கிழமைகள் பெரிய காரணம்.

மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வாங்கிக்கொண்டு அகராதியும் வேத விளக்கங்களும் கொடுத்த புத்தகக் கடை அண்ணாச்சிக்கும், மாற்றல் வரும்போதெல்லாம் புத்தக மூட்டைகளை முகம் சுளிக்காமல் லாரியில் ஏற்றிய வாலிபர் சங்கத் தம்பிகளுக்கும் நன்றி. பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, வருகிறபோது மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா, மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார். குளிருக்குத் துணி, வாசிக்க ஏடு, பேச நண்பன். ஒவ்வொரு மாற்றலிலும் இந்த மூன்றும் எனக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. சம்பளத்தில் புத்தகத்துக்குப் போன பங்கை அவள் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. வந்தவர் யாரையும் டீ கொடுக்காமல் அனுப்பியதுமில்லை.

இனி ஒரு வேண்டுகோள். என் புத்தகங்களில் பெரும்பகுதியைச் சேகர மண்டபத்து அலமாரிக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் திறந்திருக்கும். யாரும் எடுக்கலாம், எந்தச் சபையாராயிருந்தாலும், எந்த மதத்தாராயிருந்தாலும் சரி. நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுங்கள். ஊழியத்துக்குப் போகிற பிள்ளை யாராவது கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டாம், அவர்களே வைத்துக்கொள்ளட்டும். தமிழ் சார் கொடுத்த அயோத்தியா காண்டத்தையும் உபதேசியார் வீட்டார் எனக்கே தந்துவிட்ட மோட்சப் பிரயாணத்தையும் மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன். அவற்றை வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து வாசிக்கலாம்.

உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற சேகரகுரு,
பாளையங்கோட்டை